நரம்பு வருத்தம் மாதிரிக் கிடக்கு, ஆனா டொக்டர் 'யோசனைதான்' எண்டு அனுப்புறார். என்ன செய்யிறது?

கால் இழுக்குது, ஒருநாளைக்கு இருக்கு ஒருநாளைக்கு இல்லை, கிளினிக்குக்குப் போற அண்டைக்குப் பாத்து நல்லா நடக்கிறன் எண்டு எழுதியிருக்கிறீங்கள். வாசிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. எனக்கு இதே கூத்து ஒண்டரை வருசம் நடந்தது.

நான் விசுவமடுப் பக்கம். பின்னேரமானா இடது கண்ணிமை தன்ர பாட்டில இறங்கும், இரவு புட்டுச் சாப்பிடேக்க பாதியில வாய் நிண்டுபோகும், கையால நாடியைத் தாங்கிப் பிடிச்சுத்தான் மிச்சத்தைச் சப்புவன். காலமை எழும்பினா ஒண்டுமில்லை. கிளினிக் எப்ப? காலமைதான். முதல் பஸ் பிடிச்சுப் போய் நம்பர் எடுத்து உள்ளுக்குப் போனா டொக்டருக்கு முன்னால நான் நல்ல சுகதேகி.

அதோட 2009ல முள்ளிவாய்க்காலுக்குள்ளால வந்த ஆள் எண்டு தெரிஞ்சாச் சரி, வயித்துக்குத்து எண்டு சொன்னாலும் 'யோசிக்காதேங்கோ அம்மா' எண்டுதான் வரும். யோசனை இல்லை எண்டு நான் சொல்லேல்ல, எங்கட ஊரில ஆருக்கு இல்லை, ஆனா யோசனை வந்து ஒரு கண்ணை மட்டும் பாத்து மூடுமோ?

என்ர பிழையும் ஒண்டு இருக்கு. போற நேரமெல்லாம் 'களைப்பா இருக்கு' எண்டுதான் சொன்னனான். டொக்டர் சிங்களவர், மிசிதான் (நேர்ஸ்) இடையில நிண்டு சொல்லிக் குடுக்கிறவ, என்ர களைப்பு அவரிட்டப் போய்ச் சேரேக்க நித்திரை இல்லாத களைப்பாப் போட்டுது, விற்றமின் குளுசையோட வீட்டை வந்தன். களைப்பு வேற, பெலன் விட்டுப்போறது வேற. எந்த வேலை செய்யேக்க, எத்தினை மணிக்கு, எத்தினை நிமிசத்தில நிக்குது எண்டு சொல்லுங்கோ.

பிறகு மகள் போனில வீடியோ எடுத்தாள். ஒரே கதிரை, காலமை ஏழு மணி, பின்னேரம் ஏழு மணி, ஒண்டில இருந்து ஐம்பது வரைக்கும் சத்தமா எண்ணோணும். காலமை ஐம்பதும் கணீரெண்டு வரும், பின்னேரம் முப்பது தாண்ட மூக்கால கதைக்கிற மாதிரி. அதைக் காட்டி ஒரு கேள்விதான் கேட்டன், 'இது யோசனை இல்லையெண்டா வேற என்னவா இருக்கலாம் டொக்டர், அதை எப்பிடிப் பாக்கிறது?' மனுசன் வீடியோவை ரெண்டு தரம் பாத்திட்டு யாழ்ப்பாணத்தில நரம்பு வருத்தம் பாக்கிற நியூரோ கிளினிக்குக்குக் கடிதம் தந்தார்.

அங்க கையுறைக்குள்ள ஐஸ் போட்டு மூடின இமையில 2 நிமிசம் வைச்சினம். எடுக்க இமை மேல போச்சு. என்ர வருத்தத்தின்ர பேர் மயஸ்தீனியா கிறேவிஸ் எண்டிச்சினம். நரம்பு சொல்றதைத் தசை வாங்கிற இடத்தை எங்கட உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியே பழுதாக்கிற வருத்தம், பாவிக்கப் பாவிக்கப் பெலன் குறையும், ஆறினா வரும். இதுக்கு ஒரு இரத்த டெஸ்ட் இருக்கு, ஆனா கண்ணோட மட்டும் நிக்கிற ஆக்களில பாதிப்பேருக்குக் கிட்ட அது நெகட்டிவாத்தான் வரும், அதைப் பாத்து ஒண்டுமில்லை எண்டு வந்திடக்கூடாது, நரம்புக்குக் கரண்ட் குடுத்துப் பாக்கிற டெஸ்ட்டும் இருக்கு, கேளுங்கோ.

உங்களுக்கும் இதுதான் எண்டு நான் சொல்ல வரேல்ல. கால் இழுக்கிறதுக்கு வேற நூறு காரணம். எம்ஆர்ஐ, அதுதான் பெரிய காந்தத்தால எடுக்கிற ஸ்கான், கேக்கப் போறன் எண்டிருக்கிறீங்கள், உடம்பில ஷெல் பீஸ் இருந்தா ஆரும் கேக்க முதல் நீங்களாச் சொல்லுங்கோ, பழைய எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கோ. காந்தம் இரும்பை இழுக்கும். எனக்கு முதுகில ஒண்டு கிடக்கு, அதால எம்ஆர்ஐ எடுக்கேல்ல, இந்த வருத்தத்தோட சம்பந்தப்பட்ட தைமஸ் சுரப்பி நெஞ்சுக்குள்ள இருக்கு, அதைப் பாக்க சிடி ஸ்கான்தான் எடுத்தவை. விழுங்க ஏலாமலோ மூச்செடுக்கக் கஷ்டமாவோ வந்தா கிளினிக் திகதி பாத்துக்கொண்டு இருக்காம உடன ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ.

வீடியோ எடுக்கேக்க லைட்டைப் போட்டிட்டு எடுங்கோ. நாங்கள் முதல் எடுத்ததில என்ர மூக்கும் பின்னால நிண்ட ஆடும்தான் தெரிஞ்சது.