நாவல் ஆறாவது அத்தியாயத்தில் நின்னுபோச்சுன்னா

ஆறு அத்தியாயத்தோட நின்னுபோன உங்க நாவல்ல, ஏழாவது அத்தியாயத்துக்குன்னு வச்சிருக்கிற நாயகியோட முதல் மீறலை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டு வாங்க. மண்டபம் கரையில கடலே கம்பெனி கையில, அதுல இறங்கவே அனுமதி டோக்கன் வேணும்னு நீங்க கட்டின உலகம் அருமை. ஆனா ஆறு அத்தியாயமும் அதை விளக்கியே தீந்துபோச்சு. கதை நகராததுக்கு அதான் காரணம்னு படுது.

ஆர்வெலோட '1984' நாவல்ல, நாயகன் திருட்டுத்தனமா டைரி எழுதுற மீறல் முதல் அத்தியாயத்துலயே வந்துடும். அவன் பிடிபடுறது இரண்டாம் பாகத்தோட கடைசியில. நடுவுல நம்பிக்கை கூடக் கூட கண்ணியும் இறுகும்.

விடியுமுன்ன, விரல்ல துணி சுத்திக்கிட்டு, டோக்கன் இல்லாம ஒரு பை கடல்பாசி உங்க நாயகி எடுத்துட்டு வரட்டும். அப்புறம் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழ 'இதுல அவ எதை இழந்தா?'ன்னு ஒரு வரி எழுதிப் பாருங்க. வரலைன்னா வெட்டிடுங்க.

ஒண்ணு மட்டும்: ராமேஸ்வரத்துல இப்பவே விசைப்படகு டோக்கன் வாங்கித்தான் போகுது. வெறும் டோக்கனுக்கு நம்மூர்க்காரன் பயப்பட மாட்டான்.