டில்லி விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள துவாரகாவில், மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் விமானங்கள் வரிசையாக இறங்குகின்றன. இவை மோதிக்கொள்ளாதா?

நானும் துவாரகாவாசிதான். வடாம் காயப்போட மாடிக்குப் போகும்போதெல்லாம் என் மாமியாரும் இதையே கேட்பார். நெருக்கமாகத் தெரிந்தாலும் நடுவே பல கிலோமீட்டர் இருக்கும். அந்த இடைவெளி இல்லாதபோது உயரத்தில் 1,000 அடியாவது வித்தியாசம் வைப்பார்கள்.

அந்த 1,000 அடி தவறினால் என்ன ஆகும் என்பதை டில்லி பார்த்திருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று சவூதி விமானம் ஒன்று இங்கிருந்து கிளம்பி 14,000 அடிக்கு ஏறியது. எதிரே வந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நின்றிருக்க வேண்டும். அதற்கும் கீழே இறங்கிவிட்டது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே மோதியதில் 349 பேரும் இறந்தார்கள். வருவதற்கும் போவதற்கும் அப்போது ஒரே வழித்தடம். ரேடாரோ உயரத்தைக் காட்டாது. விமானி சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

அப்புறம் வழிகளைப் பிரித்தார்கள், உயரம் காட்டும் ரேடார் வந்தது, விமானங்கள் மோதாமல் எச்சரிக்கும் டிகாஸ் (TCAS) கருவி கட்டாயமானது. இரு விமானங்களின் டிகாஸும் தமக்குள் பேசி, ஒரு விமானியை ஏறச் சொல்லும், மற்றவரை இறங்கச் சொல்லும். கட்டுப்பாட்டு அறை மாற்றிச் சொன்னாலும் கருவியைத்தான் கேட்க வேண்டும். 2002-ல் ஜெர்மனியின் ஊபர்லிங்கனில் கருவி ஏறச் சொல்லியும், அறை சொன்னபடி ஒரு விமானி இறங்கினார். 71 பேர் போனார்கள்.

ஒன்று, தரையை நெருங்கி சுமார் 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் டிகாஸ் இப்படிக் கட்டளை தராது. அங்கே கட்டுப்பாட்டாளரும் விமானிகளும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.