லினக்ஸில் கோடெக் பகிர்வது: சட்டக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புதிதாக ஃபெடோரா லினக்ஸ் போட்டேன். எம்பி3 பாட்டு ஓடுகிறது, போனில் எடுத்த வீடியோ ஓடவில்லை. உபுண்டுவில் இந்தத் தொல்லை இல்லையே, ஏன்?

பதில்: ஃபெடோராவுக்குப் பின்னால் இருப்பது ரெட் ஹாட் என்ற அமெரிக்க நிறுவனம். அங்கே மென்பொருள் உத்திகளுக்கும் பேட்டன்ட் தருகிறார்கள். எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரித்துக் காட்டும் நிரலை (இத்தகைய நிரல்தான் கோடெக்) நீங்களே ஒரு வரி விடாமல் எழுதியிருந்தாலும், பேட்டன்ட்காரர் ராயல்டி கேட்டு வர முடியும். அதனால்தான் ஃபெடோரா அதைச் சேர்ப்பதில்லை. எம்பி3-க்கும் இதே நிலைதான் இருந்தது. பேட்டன்ட்கள் காலாவதியாகத் தொடங்கியதும் 2016 கடைசியில் எம்பி3 கேட்கும் வசதியை ஃபெடோரா சேர்த்தது. 2017-இல் எம்பி3 பேட்டன்ட்களை வைத்திருந்த ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் லைசென்ஸ் திட்டத்தை மூடிய பிறகு எம்பி3 உருவாக்கும் வசதியும் வந்தது. உபுண்டு இவற்றைத் தனிப் பேக்கேஜாக வைத்து, போடுவதா வேண்டாமா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறது. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளி ரெப்போவை (மென்பொருள் களஞ்சியத்தை) சேர்த்துக்கொள்ளுங்கள், ஓடும்.

கேள்வி: ஐயா, எங்கள் கல்லூரி லேபுக்கு எல்லா கோடெக்கும் சேர்த்து ஒரு ஐஎஸ்ஓ (லினக்ஸை நிறுவும் கோப்பு) தயார் செய்கிறேன். மாணவர்களுக்கும் பென்டிரைவில் கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் பயன்படுத்துவது வேறு, பிறருக்குக் கொடுப்பது வேறு. கொடுக்கும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: பேட்டன்ட், பதிப்புரிமை, டிஜிட்டல் பூட்டு (இதைக் கீழே டிவிடி கேள்வியில் பாருங்கள்). இவற்றைக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை.

முதலில் பேட்டன்ட். இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலுக்கு நிரல் என்ற அளவில் பேட்டன்ட் கிடையாது என்கிறது. அதைத் தளர்த்த 2004-இல் அவசரச் சட்டம் வந்தது. 2005-இல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. ஆனால் இதை மட்டும் நம்பி ‘இந்தியாவில் எதுவும் செய்யலாம்’ என்று கிளம்பாதீர்கள். டிவிடி பிளேயரில் இருக்கும் டிகோடிங் பேட்டன்டை வைத்து ஃபிலிப்ஸ் தொடுத்த வழக்கில், 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அது கருவி, நிரல் அல்ல. ஆனால் கருவி என்று வந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது.

அடுத்தது பதிப்புரிமை. உங்களை மாட்டிவிடக்கூடியது இதுதான். எச்.264 வீடியோவை உருவாக்கும் எக்ஸ்264 நிரலின் லைசென்ஸ் ஜிபிஎல். அதோடு சேர்த்துக் கட்டிய எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளும் ஜிபிஎல் ஆகிவிடும், கேட்பவருக்கு சோர்ஸ் (மூல நிரல்) தர நீங்கள் கடமைப்பட்டவர். ‘எனேபிள் நான்ஃப்ரீ’ என்ற தேர்வைப் போட்டுக் கம்பைல் செய்த எஃப்எஃப்எம்பெக்கைப் பிறருக்குத் தரவே கூடாது, அதன் லைசென்ஸ்கள் ஒன்றோடொன்று ஒத்துவராது. விண்டோஸிலிருந்து உருவிய டிஎல்எல் கோப்புகள் அடங்கிய பழைய கோடெக் மூட்டை யாரிடமாவது இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது இன்னொருவர் சொத்து.

என் யோசனை: ஐஎஸ்ஓவில் கோடெக் வேண்டாம். ரெப்போவைச் சேர்த்து நிறுவிக்கொள்ளும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைக் கொடுங்கள். கல்லூரி பெயரில் வெளியே கொடுப்பதென்றால் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இந்தியாவில்தான் சாஃப்ட்வேர் பேட்டன்ட் இல்லையே, அப்புறம் என்ன பயம்?

பதில்: மேலே இருக்கிறது, படியுங்கள்.

கேள்வி: சிஸ்கோ நிறுவனம் தரும் எச்.264 கோடெக்கான ஓபன்எச்264-இன் சோர்ஸ், பிஎஸ்டி என்ற தளர்வான லைசென்ஸில் கிடைக்கிறது. நானே கம்பைல் செய்து ஐஎஸ்ஓவில் வைத்தால் போயிற்று. சிஸ்கோவின் தயவு எதற்கு?

பதில்: ராயல்டியை சிஸ்கோ கட்டுவது அது கம்பைல் செய்து கொடுக்கும் பைனரிக்கு மட்டும். அந்தப் பைனரி சிஸ்கோவின் சர்வரிலிருந்து நேராகப் பயனரின் கணினிக்கு இறங்க வேண்டும். வேறு மென்பொருளோடு முன்கூட்டியே சேர்த்திருக்கக் கூடாது. அதை அணைக்கவும் போடவும் பயனருக்கு வழி இருக்க வேண்டும். ஃபயர்பாக்ஸ் அதைத் தனியாக இறக்கிக்கொள்வது இதனால்தான். ஃபெடோராவும் பேக்கேஜைத் தானே கட்டி, சிஸ்கோ வழியாகத்தான் விநியோகிக்கிறது. நீங்கள் கம்பைல் செய்தால் நிரல் அதேதான், ஆனால் பேட்டன்ட் பாதுகாப்பு கூட வராது.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் சர்வரிலிருந்துதான் வர வேண்டுமென்றால் அது கட்டற்ற மென்பொருளே இல்லை. ஃபெடோரா விலைபோய்விட்டது!

கேள்வி: இவர் பேசுவது வறட்டுக் கொள்கை. மாணவனுக்கு வீடியோ ஓடினால் போதாதா? ஃபெடோராவே பணம் கட்டிவிட்டு எக்ஸ்264-ஐக் கொடுக்கலாமே?

பதில்: இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஃபெடோரா பணம் கட்டினாலும் வேலைக்கு ஆகாது. ஜிபிஎல் 2-ஆம் பதிப்பின் 7-ஆம் பிரிவைப் படியுங்கள். உங்களிடமிருந்து வாங்குபவரும், அவரிடமிருந்து வாங்குபவரும் ராயல்டி இல்லாமல் பகிர முடியாதபடி ஒரு பேட்டன்ட் லைசென்ஸ் இருந்தால், நீங்கள் அந்த நிரலைப் பகிரவே கூடாது. தனக்கு மட்டும் பணம் கட்டிக்கொண்டு மற்றவரை நடுத்தெருவில் விடக் கூடாது என்பதற்காக வைத்த பிரிவு அது, நான் அதை மனதார ஆதரிக்கிறேன். சிஸ்கோவின் நிரல் பிஎஸ்டி என்பதால் இந்தச் சிக்கல் அங்கே எழவில்லை.

‘விலைபோய்விட்டது’ என்பது அநியாயமான பேச்சு. 2022-இல் மெசா என்ற கிராஃபிக்ஸ் நிரலில் எச்.264, எச்.265 வன்பொருள் டிகோடிங்கை அணைத்து, அதற்காகப் பயனர்களிடம் வசவு வாங்கிய டிஸ்ட்ரோ (லினக்ஸ் பதிப்பு) அது. சுதந்திரத்துக்குக் குறுக்கே நிற்பது பேட்டன்ட். கோபத்தை அங்கே காட்டுங்கள். 2005 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம் மென்பொருள் பேட்டன்ட் வரைவை 648-க்கு 14 என்று தோற்கடித்ததென்றால், அதற்குப் பின்னால் டெவலப்பர்கள் நடத்திய பிரச்சாரம் இருந்தது.

கேள்வி: சொந்தமாக வாங்கிய டிவிடியை விஎல்சியில் பார்ப்பது குற்றமா?

பதில்: இது டிஜிட்டல் பூட்டு பற்றியது, டிவிடியில் இருக்கும் பூட்டைத் திறந்துதான் விஎல்சி படத்தைக் காட்டுகிறது. அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ சட்டம் பூட்டைத் திறக்கும் கருவியைப் பகிர்வதையே தடுக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு திறப்பதைத்தான் குற்றமாக்குகிறது. காசு கொடுத்து வாங்கிய வட்டைப் பார்ப்பது அதில் வராது என்பது என் வாசிப்பு. டெபியன் என்ற டிஸ்ட்ரோவில் பூட்டைத் திறக்கும் நிரல் நூலகம் நேரடியாகக் கிடைக்காது. சோர்ஸை இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யும் பேக்கேஜ்தான் இருக்கிறது.

கேள்வி: அண்ணா, படம் பார்க்கும் ஒரு தளம் ‘கோடெக் பேக்’ போடச் சொல்கிறது...

பதில்: போடாதீர்கள். கோடெக் உங்கள் டிஸ்ட்ரோவின் ரெப்போவிலிருந்தோ, ஆர்பிஎம் ஃப்யூஷன் போன்ற நம்பகமான ரெப்போவிலிருந்தோ மட்டும்தான் வர வேண்டும்.

கேள்வி: நண்பர்களுக்குக் கோடெக் சேர்த்த ஐஎஸ்ஓ கொடுக்கலாமா?

பதில்: ஸ்கிரிப்ட் கொடுங்கள். இனி ஐஎஸ்ஓ கேள்விக்குப் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி: பாட வீடியோக்களை நாங்களே தயாரிக்கிறோம். எந்த ஃபார்மட் நல்லது?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. வெப்எம் கோப்பாக, விபி9 முறையில் வீடியோவும் ஓபஸ் முறையில் ஒலியும் வையுங்கள். ஓபஸ் 2012-லிருந்தே திறந்த இணையத் தரம், பேச்சுக்குக் குறைந்த பிட்ரேட்டிலும் தெளிவாக இருக்கும். 2018-இல் வந்த ஏவி1 என்ற வீடியோ முறை கோப்பு அளவை இன்னும் குறைக்கும், ஆனால் பழைய லேப் கணினிகள் திணறும். விபி9, ஏவி1 இரண்டுக்கும் சிஸ்வெல் என்ற நிறுவனம் பேட்டன்ட் தொகுப்பு வைத்து உரிமை கோருகிறது. அப்படியிருந்தும் ஃபெடோராவும் டெபியனும் இரண்டையும் தங்கள் ரெப்போவிலேயே தருகின்றன. உங்கள் மாணவர் எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை.