"எனக்குக் கணக்கு வராது": கேள்வி பதில்

என் மகள் வகுத்தல், பெருக்கல் எல்லாம் தப்பில்லாமல் போடுகிறாள். வாக்கியக் கணக்கு என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். ஏன்?

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கு கேட்டார்கள். 1,128 வீரர்கள், ஒரு பேருந்தில் 36 பேர் ஏறலாம், எத்தனை பேருந்து வேண்டும்? பலர் 'ஈவு 31, மீதி 12' என்றே விடை எழுதினார்கள். வகுத்தல் சரிதான். அந்த 12 பேர் எதில் போவார்கள் என்று யோசிக்கவில்லை. வேண்டியது 32 பேருந்து. வகுக்கத் தெரிவது வேறு, என்ன கேட்கிறார்கள் என்று பிடிப்பது வேறு. மகளிடம் உடனே விடை கேட்காதீர்கள். கணக்கைத் தன் வார்த்தையில் சொல்லட்டும், படம் போடட்டும். புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்று நான்கு படிகள் சொன்னார் கணித மேதை ஜார்ஜ் போலியா. முதல் படியையும் கடைசிப் படியையும்தான் பிள்ளைகள் தாண்டிவிடுகிறார்கள்.

"எனக்கு வராது" என்பவனிடம் "உன்னால் முடியும்" என்று தட்டிக்கொடுத்தால் போதுமா?

போதாது. கணக்கில் தான் எப்படி என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தைத் தற்கருத்து என்கிறோம். நன்றாகச் செய்தால் அது உயரும். அது உயர்ந்தால் இன்னும் முயல்வார்கள். வெறும் பாராட்டு அதை அசைக்காது. என்னிடம் படித்த ஒரு பையன் தாள் கிழியும் அளவுக்கு எல்லாவற்றையும் அழித்துவிடுவான். ஒரு நாள் ரப்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். பார்த்தால் மூன்று வரி சரி, நான்காவதில் ஒரு கழித்தல் குறி மட்டும் தவறு. "இது வரைக்கும் சரியா?" என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம் அழிப்பதை விட்டுவிட்டான். எந்த வரி வரை சரி என்று காட்டுங்கள், அதை நம்புவார்கள்.

முதலிடம் வாங்கிய மகன், கெட்டிக்காரர்கள் மட்டும் இருக்கும் வகுப்புக்குப் போனதும் துவண்டுவிட்டான்.

திறமை குறையவில்லை, அளவுகோல்தான் மாறியது. சின்னக் குளத்துப் பெரிய மீன் என்று இதை உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களிலேயே ஆராய்ந்தார். பக்கத்து மாணவனின் மதிப்பெண்ணை வீட்டில் பேசவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு முந்தைய அவனுடைய நோட்டையே எடுத்துக் காட்டுங்கள்.

கடிகாரம் வைத்துப் பயிற்சி தரலாமா?

பயம் இருக்கும்வரை வேண்டாம். கணக்கை மனதில் பிடித்துவைக்க வேண்டிய இடத்தைப் பதற்றம் எடுத்துக்கொள்கிறது.

நான் பத்தாம் வகுப்பு. இனி தொடங்கினால் தாமதமா?

இல்லை. இன்றைக்கு ஒரே ஒரு கணக்கு எடுங்கள். விடை வந்ததும் மூடிவிடாமல், வேறு வழியில் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.