அமெச்சூர் ரேடியோ கேள்வி பதில்: மண்ணு ஈரமா இருந்தா ரேடியல் (ஆண்டெனா அடியிலேர்ந்து சுத்தி விரிக்கிற கம்பி) வேணாமா?

கேள்வி: அண்ணே, ஹட்டன் பக்கம் தோட்டத்துல இருக்கேன். 40 மீட்டர் அலைவரிசைக்கு 10 மீட்டர் வெர்டிகல் (நேரா நிக்கிற ஆண்டெனா) ஒன்னு நட்டு அடியில ஒரே ஒரு செப்புக் கம்பிய அடிச்சு எர்த் குடுத்திருக்கேன். இங்க மழையும் பனியுமா மண்ணு காயறதே இல்ல, எஸ்டபிள்யுஆரும் (கேபிளும் ஆண்டெனாவும் எவ்ளோ பொருந்துதுங்கிற அளவு, 1 வந்தா கச்சிதம்) 1.1 தான் காட்டுது. அப்புறம் எதுக்கு ரேடியல்?

பதில்: தம்பி, அந்த 1.1ஐ பாத்துதான் எனக்கு சந்தேகமே. தரையில இழப்பே இல்லாம அமைஞ்சா கால் அலை நீள வெர்டிகல் (40ல கால்வாசி, ஒங்க 10 மீட்டர்) அடியில 36 ஓம் கிட்டத்தான் இருக்கணும், 50 ஓம் கேபிள்ல அது 1.4னு காட்டணும். ஒங்களுக்கு 50 கிட்ட வருதுன்னா மிச்ச 14 ஓம் மண்ணோட கணக்கு, அதாவது 100 வாட் விட்டா 28 வாட் மண்ணை சூடாக்கவே போயிருது. ரேடியோ பெட்டிய தொட்டா விரல்ல சுருக்குன்னு அடிக்குதான்னும் பாருங்க, அடிச்சா கேபிளோட வெளி வலையே ரேடியல் வேலை பாக்குது.

ஈரம் மட்டும் இருந்து பத்தாது, அதுல உப்பு கரைஞ்சிருக்கணும், நம்ம மலையில மழை அதை கழுவிக்கிட்டே இருக்கே. கடல் தண்ணி சுமாரான மண்ணை விட ஆயிரம் மடங்கு நல்லா கடத்தும், மன்னார் கரையில நிக்கிறவர் குடுத்து வச்சவர். 1937ல பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன்னு மூனு இன்ஜினியருங்க 113 ரேடியல் வரைக்கும் போட்டு அளந்தாங்க, நமக்கு அவ்ளோ வேணாம், 5 மீட்டர்ல ஒரு 16 போதும். நீளமா நாலு போடுறத விட குட்டையா நிறைய போடுறதுதான் லாபம். தரையில கிடக்குறதுக்கு அளவு அச்சு அசலா வேணாம், ரப்பர் வயரும் ஓகே, சரிவுல அப்பிடியே மண்ணோட படுக்க விட்டு வளைச்ச கம்பியால குத்தி வைங்க, கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) குறுக்க வந்தா அதுக்குள்ளயே இறக்கிருங்க. மரக்கறி பாத்திப் பக்கம் மட்டும் வேணாம், மம்பட்டி ஒரே வெட்டுல முடிச்சிரும்.

போடப் போட எஸ்டபிள்யுஆர் ஏறும், பயந்து கழட்டிராதீங்க, மண்ணுல போறது குறைஞ்சு அந்த 36 ஓம், 1.4 பக்கம் போகுதுன்னு அர்த்தம், ஏறுறதுதான் நல்லது. அடிச்ச கம்பி இருக்கட்டும், அது மின்னலுக்கு, ஆனா இடி கேட்டா கேபிளையும் கழட்டிருங்க.

கேள்வி: என்னோட 2 மீட்டர் அலைவரிசை வெர்டிகலுக்கு லயத்து தகரக் கூரையையே ரேடியலா பாவிக்கலாமா? (நானுஓயா வாசகர்)

பதில்: தகரத்துக்கு தகரம் துரு புடிச்ச மூட்டுல தொடர்பு விட்டு விட்டுத்தான் இருக்கும், காத்தடிச்சா இரைச்சல் வேற. ஒங்களுக்கு 2 மீட்டர்தானே, வெர்டிகல் அடியில 49 சென்டிமீட்டர்ல நாலு கம்பிய ரேடியலா 45 பாகை கீழ சாய்ச்சு மூங்கில் உச்சியில கட்டுங்க, 50 ஓம் தானா வந்துரும்.