பேய்க்கதையும் பதிப்பாளரும்

சார், வணக்கம்.

பேய் நாவல் ஒன்று எழுதி முடித்திருக்கிறேன். நானூறு பக்கம். ஒரு பதிப்பாளரிடம் காட்டினேன். “இருநூறு பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். பேய்க்கு ஒரு காதல் வையுங்கள். ஜனவரி புத்தகக் காட்சிக்குப் போட்டுவிடலாம்” என்றார். விற்பனைக்காக மாற்றினால் அது என் எழுத்தாக இருக்குமா? முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன்.

கே., கோவை

அன்புள்ள கே.,

மூன்றையும் படித்தேன். விற்பனையை யோசித்து எழுதுவதில் எந்தக் கேவலமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் என்றாலே பத்திரிகைகளில் பேய்க்கதை வரவேண்டும், வாசகர்கள் எதிர்பார்த்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் தன் வார இதழுக்கு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் போட்டார். 1866இல் ஒரு ரயில் சந்திப்பைப் பொதுக்களமாக வைத்து அவரும் வேறு சிலரும் எழுதினார்கள். தேதி, நீளம், களம் எல்லாமே முன்கூட்டி முடிவானவை. அந்த இதழில்தான் ‘தி சிக்னல்மேன்’ வந்தது. ஆங்கிலத்தின் மிகச் சிறந்த பேய்க்கதைகளில் ஒன்றாக அதை நினைக்கிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1865 ஜூன் 9 அன்று, ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் என்ற ஊருக்கருகே டிக்கன்ஸ் பயணம் செய்த ரயில் கவிழ்ந்தது. பழுதுபார்க்கப் பாலத்தில் தண்டவாளத்தைக் கழற்றியிருந்தார்கள். ரயில் வரும் நேரத்தை மேஸ்திரி தப்பாகப் பார்த்துவிட்டார். சிவப்புக் கொடியோடு ஆயிரம் கஜத்துக்கு அப்பால் நிற்கவேண்டிய ஆள் ஏறக்குறைய அதில் பாதித் தூரத்திலேயே நின்றார். டிரைவர் கொடியைப் பார்த்தார், நிறுத்த இடமில்லை. பத்துப் பேர் இறந்தார்கள். டிக்கன்ஸ் இருந்த பெட்டி பாலத்திலிருந்து தொங்கியது. இறங்கி, தன் தொப்பியில் தண்ணீர் மொண்டு காயம்பட்டவர்களுக்குக் கொடுத்தார். அதன்பின் சாகும்வரை ரயில் பயணம் அவருக்கு நடுக்கம்தான்.

இப்போது கதையைப் பாருங்கள். ஆழமான பள்ளத்தில், சுரங்க வாயிலில் ஒரு சிக்னல்காரர். விபத்துக்கு முன் ஓர் உருவம் சிவப்பு விளக்கருகே வந்து எச்சரிக்கிறது. அவரை வதைப்பது பேய் பயம் இல்லை. தந்தியடித்தால் ‘என்ன ஆபத்து, எங்கே?’ என்று திருப்பிக் கேட்பார்கள், அவருக்கு அது தெரியாது. எச்சரிக்கை வந்தும் பயன்படாமல் போவதுதான் அந்தக் கதையின் பயம். அந்தக் கொடிக்காரர் எனக்கு இங்கே தெரிகிறார். இதழுக்கு வேண்டியதை டிக்கன்ஸ் கொடுத்தார், ஆனால் பயத்தை மட்டும் தன்னிடமிருந்து எடுத்தார்.

உங்கள் முதல் இரண்டு அத்தியாயங்களில் மலை பங்களா, பூட்டிய அறை, பழைய டைரி. இவை நூறு புத்தகங்களில் கிடைக்கும். மூன்றாவதில் மூடிக்கிடக்கும் மில் வருகிறது. கரெண்டே இல்லாத மில்லில், விடிவதற்கு முன் முதல் ஷிஃப்ட் சங்கு ஊதுகிறது. வாட்ச்மேன் பயந்து ஓடவில்லை, பழக்கதோஷத்தில் போய் கேட்டைத் திறக்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது நீங்கள் பார்த்து வளர்ந்த இடம் என்பது வரிக்கு வரி தெரிகிறது.

பங்களாவை அப்படியே எடுத்துவிடுங்கள். நாவல் மில்லிலேயே நடக்கட்டும். இருநூறு பக்கம் தானாக வந்துவிடும். பயம் நானூறு பக்கம் தாங்குவது கஷ்டம், அந்த விஷயத்தில் பதிப்பாளர் சொல்வது சரி. காதலும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்தக் கேட்டை வாட்ச்மேன் யாருக்காகத் திறந்தார் என்று யோசியுங்கள். முதல் ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்த ஒருத்தி இருந்திருக்கலாம். அப்படி யாரும் உங்கள் மனதில் வரவில்லை என்றால் மட்டும் பதிப்பாளரிடம் முடியாது என்று சொல்லுங்கள்.

அப்புறம், ஜனவரிக்காக அவசரப்படாதீர்கள். முடியவில்லை என்றால் அடுத்த ஜனவரி இருக்கிறது. ஒப்பந்தம் போடும்போது மின்னூல், ஒலிநூல் உரிமைகளைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பேய்க்கதையை இருட்டில் காதால் கேட்க விரும்புகிறவர்கள் நிறைய.