தார்சு ஒழுகுது: மாடிக்குச் செலவு செய்வதா, சீலிங்குக்கா?

கேள்வி: வணக்கமுங்க. கோபிப் பக்கம் எங்க வீடு. 1996-ல கட்டின தார்சு வீடுங்க, மேல காங்கிரீட் தளம். ரெண்டு மழைக்காலமாப் படுக்கையறைச் சீலிங்குல ஓதம் காத்துக் கெடந்துச்சு. போன வாரம் ஒரு கை அகலத்துக்குக் காரை பேந்து கட்டில் மேல விழுந்துருச்சு. உள்ளே துருப்பிடிச்ச கம்பி தெரியுது. ஒரு கான்ட்ராக்டர் மாடியில கெமிக்கல் பூசிப் பத்து வருச கேரண்டி தர்றேங்கிறாரு. இன்னொருத்தர் கீழே பால்ஸ் சீலிங் போட்டா ஒண்ணும் தெரியாதுங்கிறாரு. எதுக்குங்க பணம் கட்டறது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கட்டிலை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

பால்ஸ் சீலிங் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். தார்சின் பாரத்தைத் தாங்கும் முக்கியக் கம்பி, அறையின் நடுப்பகுதியில் தளத்தின் அடிப்பக்கத்தில்தான் ஓடுகிறது. அதற்குக் கீழே காங்கிரீட் சுமார் 20 மில்லிமீட்டர் மூடியிருக்க வேண்டும். கட்டும்போது கம்பிக்கு அடியில் அதைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கைச் சரியாக வைக்காத வீடுகளில் அந்த அளவு இருக்காது. தண்ணீர் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும், அதனால் அது காங்கிரீட்டைக் கீழே தள்ளிப் பெயர்க்கிறது. பலகை போட்டு மறைத்தால் இந்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கும்.

கெமிக்கல் பூசுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தண்ணி எங்கிருந்துங்க இறங்குது?" மேலே ஏறிப் பார்த்து இடத்தைக் காட்டாமல் சதுர அடிக் கணக்கை மட்டும் சொன்னால் அந்த ஆள் வேண்டாம். ஒழுக்கு மழைக்கு மட்டும் வருகிறதா, கோடையிலும் ஈரம் இருக்கிறதா? கோடையிலும் இருந்தால் மேலே போகும் குழாயையோ தண்ணீர்த் தொட்டியையோ சந்தேகப்படுங்கள். மழைக்கு மட்டும் என்றால் மாடியைப் பாருங்கள்: வாட்டம் கெட்டுத் தண்ணீர் தேங்கும் இடம், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் காங்கிரீட்டுக்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்டு, அதன் மேல் தள ஓடு பதித்திருப்பார்கள். ஓட்டின் இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் அந்த ஜல்லிக்குள் ஊறி நிற்கும். மழை விட்டுச் சில நாள் கழித்தும் கீழே சொட்டும். ஓரிடத்தில் இறங்கி வேறிடத்தில் சொட்டுவதும் உண்டு. ஜல்லி ஊறிக் கிடக்கும்போது ஓட்டுக்கு மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். பூச்சும் உப்பி உரிந்துவிடும்.

மாடியில் தண்ணீர் தேக்கிச் சோதிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு மேல் ஓரங்குலம் தண்ணீர் ஏறக்குறைய 280 கிலோ. நல்ல தார்சுக்கு அது பாரமே இல்லை. கம்பி தெரியும் உங்கள் வீட்டில் மட்டும், பொறியாளர் பார்க்காமல் அதைச் செய்ய விடாதீர்கள்.

மாடி வேலையை ஐப்பசி, கார்த்திகையில் செய்யாதீர்கள். தளம் நன்றாகக் காய்ந்த மாசி, பங்குனிதான் ஏற்ற காலம். அதுவரை தார்ப்பாய் விரித்துச் சமாளியுங்கள்.

மேலே ஒழுக்கு நின்ற பிறகுதான் சீலிங். சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளலான இடம் சத்தத்திலேயே தெரியும். அத்தனையையும் கொத்தி எடுக்க வேண்டும், விழுந்த இடத்தை மட்டும் அல்ல. கம்பியைச் சுற்றிலும் துருவைத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பழைய காங்கிரீட்டோடு பிடித்துக்கொள்ளும் லேடெக்ஸ் என்ற பாலிமர் திரவம் கலந்த சிமெண்டுக் கலவையை மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும். சாதா சிமெண்டுக் கலவையை அப்பிவிட்டுப் போனால் அது மறுபடி விழும். துரு எடுத்த பின் கம்பி கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிந்திருந்தால் கொத்தனார் முடிவு போதாது. முட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை வரவழையுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம்தான் இந்தச் செலவிலேயே மிக நியாயமான செலவு என்பேன்.

இனி அந்த கேரண்டி. கொடுப்பது யார், கெமிக்கல் கம்பெனியா, பூசுகிறவரா? வாய்ச்சொல்லை வாங்கிக்கொள்ளாதீர்கள். சரக்கின் பெயர், எத்தனை கோட், கைப்பிடிச் சுவரில் எவ்வளவு உயரம் வரை, மறுபடி ஒழுகினால் கூலியும் சேர்த்தா சரக்கு மட்டுமா, எல்லாம் கொட்டேஷனில் எழுத்தில் வரட்டும். டின்னை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லி, தயாரித்த தேதியைப் பாருங்கள். ஒரு பகுதிப் பணத்தை, ஒரு நல்ல மழை பெய்து முடியும் வரை நிறுத்திவையுங்கள். இதையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பில் கட்டாயம். பில் இருந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பாருங்கள்.

கேள்வி: திருப்பூரில் பிளாட் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மேல்வீட்டுப் பாத்ரூம் எங்கள் ஹால் சீலிங்கில் ஒழுகுகிறது. மேல்வீட்டுக்காரர் மேல் நுகர்வோர் வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியாது, அவர் உங்களுக்குச் சேவை விற்றவர் அல்ல. ஆனால் கட்டித் தந்தவரை விடாதீர்கள். உங்கள் புராஜெக்ட் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் பதிவானது என்றால், வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் சொல்லும் வேலைக் குறையை அவர் தன் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். போட்டோவும் தேதியும் வைத்து இப்போதே பதிவுத் தபாலில் எழுதுங்கள். கீழிருந்து பூசிச் சரிசெய்ய அவர் ஆள் அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாத்ரூம் ஒழுக்கை மேல்வீட்டுப் பக்கத்தில் இடம் கண்டுபிடித்துத்தான் சரியாக அடைக்க முடியும். அதற்கு மேல்வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டும் என்பதால், அவரிடம் சண்டை இல்லாமல், அசோசியேஷன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.